சிங்கப்பூரிலிருந்து அக்காவுக்கு

அன்புள்ள அக்கா,

இங்கே எல்லாரும் நலம். மருமகன் நீச்சல், போட்டி என்று அலைகிறான், படிப்பு என்னாகுமோ என்று அத்தான் புலம்புவதாக எழுதியிருந்தாயே, முதலில் அதற்குப் பதில்.

இந்த ஊரில் நீந்தத் தெரிவது பெரிய விஷயமே இல்லை. வீவக (அரசு வீடமைப்புக் கழகம்) கட்டிய அடுக்குமாடி வட்டாரங்களில் பொது நீச்சல் குளம் இருக்கிறது, தொடக்கப்பள்ளியிலேயே கற்றுக்கொடுத்துவிடுகிறார்கள், நம் சின்னவள்கூட மிதக்கிறாள். ஆனால் சாம்பியன் ஆவது வேறு கதை. ஜோசப் ஸ்கூலிங் என்று ஒரு பையன், 2016 ரியோ ஒலிம்பிக்கில் 100 மீட்டர் வண்ணத்துப்பூச்சி நீச்சலை 50.39 விநாடியில் முடித்து, சிங்கப்பூருக்கு முதல் ஒலிம்பிக் தங்கத்தை வாங்கிக் கொடுத்தவன். அவனுக்குப் பின்னால் வந்தது யார் தெரியுமா? ஒலிம்பிக்கில் யாரையும்விட அதிகத் தங்கம் வாங்கிய அமெரிக்கர் மைக்கேல் ஃபெல்ப்ஸ்! 2008-ல் அமெரிக்க அணி பெய்ஜிங் ஒலிம்பிக்குக்குப் போகுமுன் இங்கே பயிற்சிக்கு வந்தபோது, அதே ஃபெல்ப்ஸ் பக்கத்தில் கண்ணாடி போட்ட 13 வயதுப் பொடியனாக அவன் நிற்கும் படத்தை இங்கே பார்க்காதவர் குறைவு.

எல்லாரும் அந்தப் படத்தையே பேசுகிறார்கள், எனக்கென்னவோ அவனுடைய அப்பா அம்மாதான் பெரிதாகத் தெரிகிறார்கள். ஒரே பிள்ளை. அவனை 14 வயதில் ஃபுளோரிடாவில் ஒரு பள்ளிக்கு அனுப்பி, சொந்தக் காசைக் கொட்டி, அங்கும் இங்குமாக அலைந்திருக்கிறார்கள். இங்கே ஆண்பிள்ளைகள் 18 வயதானால் தேசிய சேவைக்கு, அதாவது கட்டாய ராணுவம் போன்ற பணிக்கு, போயே ஆகவேண்டும், சாக்குப்போக்கு எடுபடாது. அதைக்கூட மனுப்போட்டு 2013-ல் ஒத்திவைக்க வைத்தார்கள். அதுவும் எப்போது? 2012 லண்டன் ஒலிம்பிக்கில், 200 மீட்டர் போட்டிக்குச் சற்று முன்னால் தொப்பியும் நீச்சல் கண்ணாடியும் விதிப்படி இல்லை என்று மாற்றச் சொல்லி, பையன் தடுமாறி முதல் சுற்றிலேயே வெளியேறிய பிறகு! நானாக இருந்தால் அன்றைக்கே ஊருக்குக் கூப்பிட்டிருப்பேன். 2014-ல் ஆசிய விளையாட்டில் தங்கம், மறுவருடம் உலகப் போட்டியில் வெண்கலம், அப்புறம்தான் ரியோ.

அத்தானிடம் இதையும் சொல். அவன் படிப்பை விடவில்லை, ரியோவில் ஜெயித்தபோது டெக்சாஸ் பல்கலைக்கழக மாணவன்.

சரி, மருமகன் 50 மீட்டர், 100 மீட்டர் எவ்வளவு நேரத்தில் நீந்துகிறான் என்று அவன் கோச்சிடம் கேட்டு எழுது. இங்கே தெரிந்த பயிற்சியாளர் ஒருவரிடம் காட்டுகிறேன். நன்றாக இருந்தால் நீச்சல் உடை, கண்ணாடி செலவு என்னுடையது. வீட்டுக்கு அனுப்பும் பணம் தனியாக வரும்.

அன்புடன்,
உன் தம்பி