இ-வே பில் போட்டதும் வேலைதான், அம்மணி

அன்புள்ள அம்மணிக்கு,

உன் ரெஸ்யூமே நம்ம அக்ஷயா சென்டர் (கேரள அரசின் இ-சேவை மையம்) கம்ப்யூட்டரிலேயே கிடந்தது. நேற்று ராத்திரி ஷட்டரை இறக்கிய பிறகு உட்கார்ந்து முழுதாகப் படித்தேன். நேரில் சொன்னால் "சரிங்கக்கா, சரிங்கக்கா" என்று தலையாட்டிவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். கேரள எல்லையில் இருக்கும் நம்ம கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி பக்கம் உன்னைப் போல டிகிரியை முடித்துவிட்டு, போனும் கையுமாக வேலை தேடிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் நிறைய. அவர்களும் படிக்கட்டும் என்று பொதுவில் வைக்கிறேன். உன் பேர் இதில் வராது.

"இத்தனை இடத்துக்கு அனுப்பியும் ஒருத்தரும் பதில் போடலையே, எனக்குத் தகுதி பத்தலைங்களா அக்கா?" என்று கேட்டாய். அன்றைக்குக் கூட்டம் நின்றது, வாயைத் திறக்க முடியவில்லை. இப்போது சொல்கிறேன். மத்திய அரசு எடுக்கும் தொழிலாளர் கணக்கெடுப்பில், 2023-24ஆம் ஆண்டு, கேரளத்தில் 15 முதல் 29 வயதுக்குள் வேலை செய்கிறவர்கள், தேடுகிறவர்கள் எல்லாரையும் சேர்த்துப் பார்த்தால் நூற்றுக்கு 29.9 பேருக்கு வேலை இல்லை. பெண்களை மட்டும் எடுத்தால் 47.1. நாடு முழுவதும் இதே வயதில் ஆண், பெண் எல்லாரையும் சேர்த்தால் 10.2தான். கிட்டத்தட்ட இரண்டு பெண்களில் ஒருத்தி காத்திருக்கிற மாநிலத்தில் நீ காத்திருக்கிறாய். கோயம்புத்தூர்ப் பக்கம் போனாலும் நிலைமை லேசில்லை. ஐ.டி. கம்பெனிகள் 2021, 22இல் அள்ளி எடுத்தார்கள், அதற்குப் பிறகு கையை இறுக்கிக்கொண்டார்கள். 2025 ஜூலையில் டி.சி.எஸ். மட்டுமே உலகம் முழுக்க 12,000 பேருக்கு மேல் குறைக்கப்போவதாக அறிவித்தது. அப்படி வெளியே வருகிற அனுபவசாலிகளும் நீ பார்க்கிற அதே விளம்பரத்துக்குத்தான் விண்ணப்பம் போடுகிறார்கள். பதில் வராததை வைத்து உன்னை நீயே எடை போடாதே. முக்கால்வாசி இடத்தில் உன் ரெஸ்யூமேவை ஒரு மனுஷன் கண்ணால் பார்த்தே இருக்கமாட்டார்.

ஏன் பார்க்கவில்லை என்பதில் ஒரு சின்னக் காரணம் உன் ஃபைலிலேயே இருக்கிறது. அந்த டிசைனை எந்த ஆப்பில் எடுத்தாயோ, பார்க்க அழகாக இருக்கிறது. இடது பக்கம் நீலக் கட்டம், கணக்கு எழுதும் டேலி சாஃப்ட்வேருக்கு நாலு நட்சத்திரம், எக்செலுக்கு மூன்று. நான் அந்த பி.டி.எஃப்.பில் இருந்ததை காப்பி செய்து நோட்பேடில் ஒட்டிப் பார்த்தேன். உன் போன் நம்பரின் பாதி, காலேஜ் பேருக்கு நடுவில் போய் உட்கார்ந்திருக்கிறது. நட்சத்திரம் எதுவும் வரவில்லை. பெரிய கம்பெனிகளில் முதலில் படிப்பது சாஃப்ட்வேர். அதற்கும் இப்படித்தான் குழம்பித் தெரியும். பக்கத்தில் கட்டம் பிரிக்காமல் மேலிருந்து கீழாக ஒரே வரிசையில், வேர்டில், சாதாரண எழுத்தில் அடித்து பி.டி.எஃப். ஆக்கு. போதும்.

எனக்கு மனசு சங்கடப்பட்டது வேறு இரண்டு விஷயத்துக்கு.

முகவரியில் கோயம்புத்தூர் உக்கடத்தில் இருக்கும் தோழியின் வீட்டைப் போட்டிருக்கிறாய். தெரிந்த மொழி என்ற இடத்தில் தமிழும் இங்கிலீஷும் மட்டும். மலையாளத்தைக் காணோம். கேரளாக்காரி என்று தெரிந்தால் கோயம்புத்தூரில் எடுக்கமாட்டார்கள், தமிழ் மீடியத்தில் படித்தவள் என்று தெரிந்தால் பாலக்காட்டில் எடுக்கமாட்டார்கள் என்று உன் சிநேகிதிகள் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நம்ம சித்தூர் தாலுகாவில் வளர்ந்த எல்லாருக்கும் இந்தப் பயம் உண்டு. கோயம்புத்தூர் போனால் மலையாளத்துப் பிள்ளை, இங்கே வந்தால் பாண்டி என்று தமிழரைச் சொல்லும் கேலிப் பேர். அந்தப் பேச்சு எனக்கும் வலிக்கும். ஆனால் விண்ணப்பத்தில் மறைத்தால் நஷ்டம் உனக்குத்தான். ஆள் எடுத்த பிறகு முகவரியை ஆதாரோடு சரிபார்ப்பார்கள். அங்கே இடித்தால் கிடைத்த வேலையும் கைவிட்டுப் போகலாம். "கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம். கோவைக்கு தினமும் வந்துபோக முடியும்" என்று உள்ளதை எழுது. வேலந்தாவளம் வழியாக மூன்று வருஷம் காலேஜுக்குப் போய்வந்தவள்தானே. விருப்பமான ஊர் என்று கேட்கும் இடத்தில் கோவை, பொள்ளாச்சி, பாலக்காடு மூன்றையும் போடு.

மலையாளத்தை மறைத்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. கோயம்புத்தூரில் இருந்துகொண்டு கேரளத்து வாடிக்கையாளர்களிடம் பேசவும், கேரளத்துக் கடைகளுக்கு பில் போடவும், வசூல் பார்க்கவும் ஆள் தேடுகிறார்கள். நௌக்ரி வேலைத் தளத்தில் "மலையாளம்" என்று போட்டு, ஊர் கோயம்புத்தூர் என்று வைத்துத் தேடிப் பார். நீ இதுவரை "அக்கவுண்ட்ஸ் ஃப்ரெஷர்" என்று மட்டும்தான் தேடியிருக்கிறாய். அந்த வாசலில்தான் எல்லாக் கூட்டமும் நிற்கிறது.

இரண்டாவது, அந்தக் கயிறு மண்டி. காலேஜ் முடித்து வந்த பிறகு சாயங்காலம் அங்கே உட்கார்ந்து பில் போட்டாயே, அது ரெஸ்யூமேவில் எங்கே என்று கேட்டதற்கு, "அதெல்லாம் ஒரு வேலைங்களா அக்கா, சும்மா கம்ப்யூட்டர்ல தட்டறது" என்றாய். கண்ணு, அங்கே நீ என்ன செய்தாய் என்று யோசித்துப் பார். இங்கிருந்து பொள்ளாச்சிக்குக் கயிறு லோடு போனால் தூரம் கொஞ்சம்தான், ஆனால் அது மாநிலம் விட்டு மாநிலம். 32இல் தொடங்கும் கேரளத்து ஜி.எஸ்.டி. நம்பரில் இருந்து 33இல் தொடங்கும் தமிழ்நாட்டு நம்பருக்குப் போகிறது. அதனால் மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கான வரி, ஐ.ஜி.எஸ்.டி. அதே லோடு கேரளத்துக்குள்ளேயே ஆலத்தூருக்குப் போனால் மத்திய வரி சி.ஜி.எஸ்.டி.யும் மாநில வரி எஸ்.ஜி.எஸ்.டி.யும். மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் இ-வே பில், அதாவது சரக்கு வண்டியில் போவதற்கு ஆன்லைனில் எடுக்கும் சீட்டு. அதில் பார்ட் பி-யில் வண்டி நம்பர். வழியில் வண்டி மாறினால் நம்பரை மாற்ற வேண்டும், மாற்றாவிட்டால் லோடோடு வண்டியைப் பிடித்து வைத்துவிடுவார்கள், அபராதம் கட்டித்தான் மீட்க வேண்டும். ஒரு நாள் எல்லையில் கோபாலபுரத்தில் வண்டி மாறி, டிரைவர் அங்கிருந்து போன் போட்டு, நீ இரண்டே நிமிஷத்தில் மாற்றிக்கொடுத்தாய். அதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். உன்னோடு பி.காம். முடித்த பிள்ளைகளில் எத்தனை பேர் நிஜமான லோடுக்கு நிஜமான பில் போட்டிருப்பார்கள்? டேலி கோர்ஸில் அதை ஒரு பாடமாகப் படித்திருப்பார்கள், அவ்வளவுதான். ஆடிட்டர் ஆபீசிலும், கஞ்சிக்கோட்டு கம்பெனிகளின் டிஸ்பாட்ச் பிரிவிலும், பொள்ளாச்சி கயிறு ஏற்றுமதிக்காரர்களிடமும் கேட்பது இதைத்தான். ரெஸ்யூமேவின் முதல் வரியாக இதை எழுது. மண்டி முதலாளியிடம் ஒரு கடிதம் வாங்கு. மறுக்கமாட்டார், அவர் உன்னைப் பற்றி என்னிடம் பெருமையாகப் பேசியிருக்கிறார்.

இன்னொன்று, இந்த மாதிரி இடங்கள் பலவும் நெட்டில் விளம்பரமே கொடுப்பதில்லை. கூகுள் மேப்பில் கஞ்சிக்கோடு, நம்ம பாலக்காட்டுப் புதுச்சேரி பஞ்சாயத்துப் பக்கம் இருக்கிற கம்பெனிகளை ஒவ்வொன்றாகப் பார், வெப்சைட் இருந்தால் மெயில் ஐ.டி. இருக்கும். நாலு வரியில் நேரடியாக எழுது. 2024 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த 12 தொழில் நகரங்களில் பாலக்காடும் ஒன்று. அது எழும்ப நாளாகும், அதை நம்பிச் சும்மா உட்காரச் சொல்லவில்லை. ஆனால் சரக்கு போக்குவரத்துக் கணக்கு தெரிந்த ஆளுக்கு இந்தப் பக்கம் தேவை கூடத்தான் செய்யும்.

வாட்ஸ்அப்பில் வந்த அந்த ஆஃபர் லெட்டரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இன்டர்வியூவே இல்லாமல் வேலை, லேப்டாப்புக்கு டெபாசிட் கட்டு, முதல் சம்பளத்தோடு திருப்பித் தருகிறோம் என்று எவன் சொன்னாலும் திருடன். ஒரு ரூபாய்கூடக் கட்டாதே. வேலை கொடுக்கிறவன் உன்னிடம் பணம் கேட்கமாட்டான். டெலிகிராமில் ஹோட்டலுக்கு ரேட்டிங் போட்டால் காசு என்பதும் அதே கும்பல்தான். முதலில் நூறு இருநூறு தந்துவிட்டு அப்புறம் ஆயிரக்கணக்கில் கறப்பார்கள். உன் பேங்க் அக்கவுண்டைக் கொஞ்ச நாள் கொடு, கமிஷன் தருகிறோம் என்பது எல்லாவற்றையும் விட ஆபத்து. திருட்டுப் பணம் அதன் வழியாகப் போனால் போலீஸ் தேடிவருவது உன் வீட்டுக்கு. யாராவது ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் அப்போதே சைபர் மோசடிப் புகார் நம்பரான 1930க்குக் கூப்பிடச் சொல். எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை முடக்க வாய்ப்பு.

உன் அண்ணன் தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை என்று எதையோ பார்த்துக்கொண்டிருப்பதாகச் சொன்னாய். 2022இல் அப்படிப் போன நம்ம பிள்ளைகளை மியான்மரில் மியாவாடிக்குக் கொண்டுபோய் அடைத்து, ஆன்லைன் மோசடி செய்ய வைத்தார்கள். மீட்டுக் கொண்டுவருவதற்குள் பெரும்பாடாகிவிட்டது. எந்த ஏஜென்ட் என்றாலும் மத்திய அரசின் இ-மைகிரேட் தளத்தில் லைசென்ஸ் இருக்கிறதா என்று பார்க்கலாம். லைசென்ஸ் உள்ள ஏஜென்ட்டும் 30,000 ரூபாயும் அதற்கு ஜி.எஸ்.டி.யும் தவிர வாங்கக்கூடாது. அண்ணனையும் கூட்டிக்கொண்டு வா, நானே பார்த்துத் தருகிறேன்.

அம்மா வரன் பேச்சை எடுக்கிறார்கள் என்று சொல்லும்போது உன் குரல் தேய்ந்துபோனது. ரேஷன் கார்டு வேலையாக அவர் இங்கே வரும்போது நான் பேசுகிறேன். நூற்றுக்கு 47 என்ற கணக்கை அவருக்கும் காட்டுகிறேன். பிள்ளை சும்மா இல்லை என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

திங்கட்கிழமை மத்தியானம் கூட்டம் குறைவாக இருக்கும், அப்போது வா. எஸ்.எஸ்.எல்.சி. புக், ஆதார், டிகிரி சர்டிபிகேட் எடுத்துக்கொள். அரசு வேலைக்கு ஆள் எடுக்கும் கேரள பி.எஸ்.சி.யின் துளசி தளத்தில் ப்ரொஃபைலை இன்னும் நீ திறக்கவே இல்லை. போட்டோவின் அடியில் உன் பேரும் எடுத்த தேதியும் இருக்க வேண்டும், ஸ்டூடியோவில் சொல்லியே எடு. பல தேர்வுகளுக்குத் தமிழிலும் கேள்வித்தாள் உண்டு. தேர்வு எழுத வருவேன் என்று கன்ஃபர்மேஷன் கொடுக்கும்போது தமிழ் என்று தேர்ந்தெடுக்க வேண்டும், அதை எப்படி என்று காட்டித் தருகிறேன். அன்றைக்கே ரெஸ்யூமேவையும் புதிதாக அடித்துவிடலாம்.

அன்புடன்,
அக்ஷயா அக்கா