விடுபட்டுப்போன ஒரு வரி

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நேற்று இரவு தொலைபேசியில் நீ சொன்னது என்னைத் தூங்கவிடவில்லை. "குழந்தைகள் காப்பகத்துக்குக் கட்டினது போக என் சம்பளத்தில் ஒன்றும் மிஞ்சாது அப்பா, இதற்காகவா குழந்தையை விட்டுவிட்டுப் போக வேண்டும்?" என்றாய். நான் பதில் சொல்வதற்குள் குட்டி அழ ஆரம்பித்துவிட்டாள், நீ வைத்துவிட்டாய். உன் மகப்பேறு விடுப்பு முடிய இன்னும் ஏழு வாரம்தான் இருக்கிறது. அதற்குள் நீ ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீ கேட்ட அதே கேள்வியை இந்த வீட்டில் ஒருமுறை கேட்டிருக்கிறோம். அப்போது உனக்கு ஐந்து மாதம். உன் அம்மாவின் விடுப்பு முடியப்போகிறது. நான் கணக்கர் அல்லவா, பேரேட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து எடுத்து உட்கார்ந்தேன். மேலே உன் அம்மாவின் சம்பளம். அதன் கீழே காப்பகக் கட்டணம், பஸ் செலவு, இதர செலவு. எல்லாவற்றையும் கழித்து, அலுவலகத்தில் ஆண்டுக் கணக்கை முடிப்பது போலவே சிவப்பு மையில் இரட்டைக் கோடு போட்டேன். கோட்டுக்கு மேலே நின்ற தொகை ஒரு வாரச் செலவுக்குக்கூடக் காணாது. தாளைத் திருப்பி உன் அம்மாவிடம் காட்டினேன். அவள் உன்னைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே பார்த்தாள். "சரி" என்றாள். அடுத்த வாரம் ராஜினாமா கொடுத்தாள்.

அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. பழைய காப்பீட்டுப் பத்திரங்களோடு மடித்து வைத்திருந்தேன்; காலையில் எடுத்துப் பார்த்தேன். கூட்டல் கழித்தல் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் என் சம்பளம் அந்தத் தாளில் எங்குமே இல்லை. நீ எனக்கும்தான் மகள். நானும்தான் காலையில் வேலைக்குப் போனேன். உன்னைப் பார்த்துக்கொள்ள ஆகும் செலவை முழுவதும் அவள் பெயரில் பற்று எழுதியிருக்கிறேன். ஒரு சிறிய கடைக்காரர் கூட்டு வியாபாரத்தின் வாடகையை ஒரே பங்காளியின் கணக்கில் ஏற்றியிருந்தால், "இது செல்லாது, திருத்தி எழுதுங்கள்" என்று திருப்பி அனுப்பியிருப்பேன். என் வீட்டுக் கணக்கில் அது என் கண்ணில் படவில்லை.

ஆறு ஆண்டுகள் கழித்து அவள் மறுபடி வேலை தேடினாள். கிடைத்தது, ஆனால் அடிமட்டத்தில். அவள் முன்பு வேலை கற்றுக்கொடுத்த பெண் அங்கே மேற்பார்வையாளராக உட்கார்ந்திருந்தார். அந்தப் பெண்ணிடம்தான் விடுப்புக்குக் கையெழுத்து வாங்க வேண்டும். அதைப் பற்றி உன் அம்மா என்னிடம் குறையாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. இன்று எங்கள் இருவருக்கும் ஓய்வூதியம் வருகிறது. அவளுடையது என்னுடையதில் பாதிகூட இல்லை. மாதம் பிறந்து பாஸ்புத்தகத்தில் பதிவு போட்டுவரும்போதெல்லாம் அந்த இரண்டு எண்களும் அருகருகே நிற்கின்றன.

இது எங்கள் வீட்டில் மட்டும் நடந்த கதை இல்லை. டென்மார்க்கில் பல ஆண்டு வருமானக் கணக்குகளை வைத்து ஆராய்ந்து 2019-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். முதல் குழந்தை பிறக்கும்வரை ஆணின் வருமானமும் பெண்ணின் வருமானமும் ஒரே போக்கில் ஏறுகின்றன. குழந்தை பிறந்ததும் பெண்ணின் கோடு மட்டும் சரிகிறது. நீண்டகாலத்தில் ஏறக்குறைய 20 சதவீத இடைவெளி தங்கிவிடுகிறது. ஆணின் கோட்டில் சலனமே இல்லை. அந்த வரைபடத்தைப் பார்த்தபோது எங்கள் இருவரின் பாஸ்புத்தகங்களைத்தான் யாரோ படமாகப் போட்டிருப்பதாக நினைத்தேன். 2023-இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற கிளாடியா கோல்டின், உழைப்புச் சந்தையில் பெண்கள் நிலையை ஆராய்ந்ததற்காகத்தான் அதைப் பெற்றார். வளர்ந்த நாடுகளில் ஆண் பெண் ஊதிய இடைவெளியில் பெரும் பங்கு முதல் குழந்தை பிறந்த பிறகு உண்டாவது என்று அவர் காட்டியிருக்கிறார்.

இப்போது உன் கணக்கைப் புதிதாக எழுதுவோம். உன் சம்பளம் 100, மாப்பிள்ளையின் சம்பளம் 130 என்று வைத்துக்கொள். காப்பகத்துக்கு 70, நீ வேலைக்குப் போய்வரும் செலவு 10. உன் 100-இல் கழித்தால் மிச்சம் 20. யாருக்கும் மனம் சோர்ந்துபோகும். இருவர் வருமானமும் சேர்ந்த 230-இல் அதே 70 ஏறக்குறைய 30 சதவீதம். பெரிய தொகைதான், மறுக்கவில்லை. ஆனால் இப்போது அது வீட்டு வாடகை போல, மின்கட்டணம் போல, குடும்பத்தின் செலவு. வாடகையை யாராவது உன் சம்பளத்திலிருந்து மட்டும் கழித்து, "நீ வேலைக்குப் போய் என்ன லாபம்" என்று கேட்பார்களா?

அடுத்த வரி இன்னும் முக்கியம். ஆண்டுக்கு 5 சதவீத ஊதிய உயர்வு என்றால் ஐந்து ஆண்டுகளில் உன் 100, 127-ஐத் தாண்டிவிடும். ஐந்து ஆண்டுகள் வீட்டிலிருந்துவிட்டுத் திரும்புகிறவளுக்குப் பழைய 100 கிடைப்பதே பெரிது. மாதம் 27 என்ற அந்த வித்தியாசம் அப்படியே 25 ஆண்டுகள் நீடித்தால், இன்று நீ வாங்கும் சம்பளத்தில் ஆறே முக்கால் ஆண்டுச் சம்பளம் போய்விட்டது என்று அர்த்தம். வீட்டிலிருந்த ஆண்டுகளில் வராத சம்பளம் இதில் சேரவில்லை. ஓய்வூதியச் சேமிப்பில் விழாத பங்கும், அதன் வட்டியும் சேரவில்லை. பணிமூப்பும் பதவி உயர்வும் எந்த வரியிலும் அடங்காதவை.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக ஓர் இயந்திரம் வாங்கினால் அதன் விலை முழுவதையும் அந்த ஆண்டு வரவிலேயே கழித்துவிட மாட்டோம். கழித்தால் எந்தத் தொழிலும் நட்டமாகத்தான் தெரியும். அது எத்தனை ஆண்டு உழைக்குமோ அத்தனை ஆண்டுக்கும் பரப்பி எழுதுவோம். காப்பகக் கட்டணத்தையும் அப்படிப் பார். நீ கட்டப்போவது இரண்டு மூன்று ஆண்டுக் கட்டணம். அது காப்பாற்றிக் கொடுப்பது உன் இருபத்தைந்து முப்பது ஆண்டு வேலையை.

கட்டணம் ஏன் இவ்வளவு என்று கோபப்பட்டாய். அதில் பெரும்பகுதி பார்த்துக்கொள்கிறவர்களின் ஊதியம். கைக்குழந்தைகள் என்றால் ஒருவரால் மூன்று பேரை, மிஞ்சிப்போனால் நான்கு பேரைத்தான் ஒழுங்காகப் பார்க்க முடியும். ஒரு முழு ஆளின் சம்பளத்தை மூன்று குடும்பங்கள் பங்குபோடுகின்றன. மிகவும் குறைந்த கட்டணம் சொல்கிற இடத்துக்குப் போனால் முதலில் தலைகளை எண்ணிப்பார். குட்டி நடந்து, தானே சாப்பிடும் வயதுக்கு வந்ததும் ஒருவருக்கு இத்தனை குழந்தைகள் என்ற கணக்கு தளரும், பெரும்பாலும் கட்டணமும் இறங்கும். இப்போது நீ நிற்பது ஏற்றத்தின் உச்சியில்.

சேர்ப்பதற்கு முன் எல்லாவற்றையும் எழுத்தில் வாங்கிக்கொள். குழந்தை வராத நாளுக்கும் கட்டணம் உண்டா, அவர்கள் மூடும் நாட்களுக்கு உண்டா, மாலையில் பத்து நிமிடம் தாமதமானால் என்ன, முன்பணம் திரும்புமா, நிறுத்துவதற்கு எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும். பலருக்கு இடி விழுவது வேறோர் இடத்தில். காப்பகத்துக்கு மாதத்தின் தொடக்கத்திலேயே கட்டியாக வேண்டும். உன் முதல் சம்பளம் மாதக் கடைசியில்தான் வரும். அதற்கு முன்பே இரண்டு வாரம் குட்டியைப் பழக்குவதற்கு அரைநாள் அரைநாளாக விட வேண்டியிருக்கும். விடுப்பின் கடைசி மாதங்களில் உங்கள் கையும் வறண்டிருக்கும். ஆகவே இரண்டு மாதக் கட்டணத்தை இப்போதே தனியாக எடுத்து வைத்துவிடுங்கள்.

முதல் சில மாதங்கள் சளியும் காய்ச்சலும் மாறிமாறி வரும். மற்றக் குழந்தைகளோடு சேரும்போது அப்படித்தான். குட்டியைச் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை என்று நீயே உன்னைக் குற்றம் சொல்லிக்கொள்ளாதே. ஆனால் அந்த நாட்களில் யார் விடுப்பு எடுப்பது என்பதை இப்போதே பேசிவிடுங்கள். ஒருமுறை நீ, மறுமுறை மாப்பிள்ளை. அவர் நல்லவர், சொன்னால் செய்வார். நானும் நல்லவன்தான் என்று ஊரில் பெயர் எடுத்தவன். எனக்கு யாரும் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

அலுவலகத்தில் என்னென்ன உண்டு என்று கேள். காப்பக உதவித்தொகை, வரிச்சலுகை, அரசு மானியம், முதல் இரண்டு மாதம் குறைந்த நேரம், வாரத்தில் ஒருநாள் வீட்டிலிருந்து வேலை. மிச்சமிருக்கும் விடுப்பை மொத்தமாக எடுக்காமல் வாரம் ஒருநாளாக எடுத்தால் முதல் இரண்டு மாதம் நான்கு நாள் வாரமாகிவிடும். கேட்பதற்குக் கூச்சப்படாதே. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு தொடங்கிய 1919-ஆம் ஆண்டிலேயே, பாலூட்டும் தாய்க்கு வேலை நேரத்தில் நாளுக்கு இரண்டு முறை அரைமணி நேரம் தர வேண்டும் என்று உடன்படிக்கை எழுதினார்கள். 2000-இல் வந்த உடன்படிக்கை மகப்பேறு விடுப்பைக் குறைந்தது 14 வாரமாக்கியது. பாலூட்டும் இடைவேளையை ஊதியத்தோடு கூடிய வேலை நேரமாகவே கணக்கிடச் சொன்னது. நூறு ஆண்டுகளாகப் பெண்கள் கேட்டு வாங்கிவரும் ஒன்றைத்தான் நீயும் கேட்கப்போகிறாய். எடுத்துவைக்கும் பால் சாதாரண அறையில் நான்கு மணி நேரமும் குளிர்பெட்டியில் நான்கு நாளும் தாங்கும் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். புட்டியில் தேதி எழுதி ஒட்டிவிடு.

குழந்தையோடு இருக்க வேண்டும் என்று உன் மனம் உண்மையாகவே விரும்பினால் அதுவும் நல்ல முடிவுதான், நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். மிச்சம் 20 என்ற எண் உன்னை வீட்டுக்குள் தள்ளக் கூடாது என்பதுதான் என் கவலை. அப்படி இருக்க முடிவெடுத்தாலும் ராஜினாமாவைக் கடைசியாக வை. ஊதியமில்லா விடுப்பு கிடைக்குமா என்று முதலில் கேள். வீட்டில் இருக்கும் காலத்தில் உன் பெயரில் ஓய்வூதியச் சேமிப்புக்கு மாப்பிள்ளை மாதந்தோறும் கட்ட வேண்டும். இதை அவரிடம் நானே பேசத் தயார்.

அம்மா வந்து பார்த்துக்கொள்வாளா என்று நீ கேட்கவில்லை, ஆனால் கேட்க நினைத்தது எனக்குத் தெரியும். வருகிறோம், இருவருமாக. முதல் மூன்று மாதம் இருப்போம். காலையில் குட்டியைக் காப்பகத்தில் விடுவதும் மாலையில் கூட்டிவருவதும் என் வேலை. அதற்கு மேல் அவளைப் பிடித்துவைக்க வேண்டாம் கண்ணம்மா. அவளுக்கு முழங்கால் வலி. அதைவிட, அவளுடைய உழைப்பை இன்னொருமுறை கணக்கில் வராத உழைப்பாக்க எனக்கு மனம் வரவில்லை. என் பெயரில் ஒரு வைப்புத்தொகை அடுத்த மாதம் முதிர்கிறது. முதல் ஆண்டுக் காப்பகக் கட்டணத்தில் பாதிக்கு அது வரும். இது கடன் இல்லை, திருப்பித் தருகிற பேச்சை எடுக்காதே.

இவ்வளவும் எழுதிவிட்டு உன் அம்மாவிடம் படிக்கக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தாள். அந்தப் பழைய தாளையும் பக்கத்தில் விரித்து வைத்தேன். சிவப்புக் கோட்டின் மேல் விரலை வைத்தபடி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "அன்று நான் சொன்ன 'சரி' சம்மதம் இல்லை. நீங்கள் கேள்வியாகவே கேட்கவில்லையே" என்றாள். முப்பது ஆண்டுகளில் முதல்முறையாகச் சொல்கிறாள். நான் என்ன பதில் சொல்ல முடியும்? தாளை வாங்கி, அவள் சம்பளத்துக்குக் கீழே விடுபட்டுப்போன என் சம்பளத்தை அவள் கண்முன்னே எழுதினேன்.

பிறகு கடிதத்தை என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். உனக்கு ஒன்று சொல்ல வேண்டுமாம், அவள் சொன்னபடியே எழுதுகிறேன். காப்பகத்தைப் பார்க்க அவர்கள் வரச்சொல்லும் காலை நேரத்தில் போகாதே. மாலையில், குழந்தைகள் களைத்து அழும் நேரத்தில், சொல்லாமல் போ. அழுகிற குழந்தையை யார் தூக்குகிறார்கள், எவ்வளவு நேரத்தில் தூக்குகிறார்கள் என்று வாசலில் நின்று பார். பார்த்துவிட்டு அம்மாவுக்குத் தொலைபேசியில் சொல்.

அன்புடன்,
அப்பா