பணம் புதிதல்ல: சியாட்டிலில் இருக்கும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இங்கே நலம். நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

கல்லூரி விளையாட்டை இனிப் பார்ப்பதாக இல்லை என்றும், மாணவர்கள் கைக்குப் பணம் வந்த நாளிலேயே அது செத்துவிட்டது என்றும், நம் இந்தியானா பல்கலைக்கழகம் அமெரிக்க ஃபுட்பாலில் வென்ற கோப்பைகூட விலைக்கு வாங்கிய கோப்பைதான் என்றும் சென்ற வாரம் பேசும்போது சொன்னாய். இதற்கெல்லாம் போனில் பதில் சொல்லத் தொடங்கினால் அம்மா போனைப் பிடுங்கிக்கொள்வாள் என்பதால் எழுதுகிறேன். உன் கோபம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் அது தவறான ஆட்கள் மேல் விழுகிறது என்பதுதான் என் எண்ணம்.

நான் தமிழ்நாட்டில் விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரியில் சேர்ந்தவன் என்பது உனக்குத் தெரியும். கைப்பந்து ஆடியதால் சீட்டும் விடுதிக் கட்டணச் சலுகையும் கிடைத்தன. போட்டிக்கு வெளியூர் போனால் பேட்டா கொடுத்தார்கள். நன்றாக ஆடியவர்களை ரயில்வேயும் ஐ.சி.எஃப்.பும் வங்கிகளும் வேலைக்கு எடுத்துக்கொண்டன. எங்களில் எவரும் அதைச் சுரண்டல் என்று நினைக்கவில்லை, ஏனென்றால் எங்கள் ஆட்டத்தை வைத்து யாரும் ஒரு காசுகூடச் சம்பாதிக்கவில்லை. சுண்ணாம்புக் கோடு போட்டதும் வலை கட்டியதும் நாங்களேதான். ஆட்டம் முடிந்ததும் பி.டி. மாஸ்டர் தன் கைக்காசில் டீயும் பன்னும் வாங்கிக் கொடுப்பார். யாருக்கும் லாபம் இல்லாத இடத்தில் ஆடுகிறவனும் சும்மா ஆடுவதில் ஒரு நியாயம் இருந்தது.

இந்த நாட்டுக்கு வந்து நான் முதலில் வியந்தது, அதே நியாயத்தை இங்கேயும் பேசினார்கள் என்பதைப் பார்த்துத்தான். மிச்சிகனில் ஒரு லட்சம் பேருக்கு மேல் டிக்கெட் வாங்கி உட்காரும் அரங்கம் இருக்கிறது. பல்கலைக்கழக அணிகளின் கூட்டமைப்பான பிக் டென் கான்ஃபரன்ஸ் 2023-இல் தொடங்கிய ஏழாண்டு ஒளிபரப்பு ஒப்பந்தத்தின் மதிப்பு 7 பில்லியன் டாலருக்கும் மேல். பெரும்பாலான மாநிலங்களில் மிக அதிகச் சம்பளம் வாங்கும் அரசு ஊழியர் ஆளுநர் அல்லர். பல்கலைக்கழகத்தின் ஃபுட்பால் அல்லது கூடைப்பந்துப் பயிற்சியாளர். இத்தனை பேர் சம்பாதித்த பின்பு, முட்டி உடைய ஆடும் மாணவனிடம் மட்டும் 'உனக்குப் படிப்பு இலவசம், அதுவே போதும்' என்று பல்லாண்டு காலம் சொல்லி வந்தார்கள். ஆகவே பணம் இப்போது புதிதாக உள்ளே வந்துவிடவில்லை, கண்ணம்மா. அது என்றைக்கும் உள்ளேதான் இருந்தது. ஆடுகிறவனிடம் மட்டும் போகாமல் இருந்தது.

இதை மாற்றியது பேராசை பிடித்த ஏதோ ஒரு பையன் அல்லன், நீதிமன்றம். யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணிக்காக 1995-இல் கோப்பை வென்ற எட் ஓ'பேனன், தன்னை அப்படியே உரித்து வைத்தாற்போன்ற ஓர் ஆட்டக்காரரை ஒரு வீடியோ கேமில் பார்த்துவிட்டு 2009-இல் வழக்குத் தொடுத்தார். 2021 ஜூனில், ஆட்டக்காரர்கள் தொடுத்த ஆல்ஸ்டன் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்கள். அது கல்வி சார்ந்த சலுகைகளைப் பற்றிய குறுகிய தீர்ப்புதான். ஆனால் நீதிபதி கேவனா தனியாக எழுதிய குறிப்பில், நியாயமான கூலி தரக் கூடாது என்று முதலாளிகள் தமக்குள் பேசிவைத்துக்கொண்டு, கூலி தராததே தங்கள் சரக்கின் தனிச்சிறப்பு என்று வேறெந்தத் தொழிலும் வாதாடித் தப்ப முடியாது என்ற பொருளில் எழுதியதற்குப் பிறகு, பழைய ஏற்பாடு நிலைக்காது என்பது எல்லோருக்கும் விளங்கிவிட்டது. அடுத்த மாதமே மாணவர்கள் தங்கள் பெயரையும் உருவத்தையும் வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கலாம் என்றானது. 2025 ஜூனில், ஆட்டக்காரர்கள் தொடுத்த ஹவுஸ் என்ற இன்னொரு வழக்கின் சமரசத்துக்கு நீதிமன்றம் ஒப்புதல் அளித்ததும், முதலாண்டில் சுமார் 20.5 மில்லியன் டாலர் வரை பல்கலைக்கழகமே நேரடியாக ஆட்டக்காரர்களுக்குப் பங்கிடலாம் என்றானது.

இனி நம் இந்தியானாவுக்கு வருகிறேன். நீ புளூமிங்டனில் படித்த நாட்களில், மெமோரியல் ஸ்டேடியத்தின் மாணவர் பகுதி இடைவேளைக்குள் காலியாகிவிடும் என்று நீயே சொல்லிச் சிரித்திருக்கிறாய். கூடைப்பந்து தொடங்கும் வரை பொழுதைப் போக்கும் ஏற்பாடாகத்தான் அந்த ஊரில் ஃபுட்பால் இருந்தது. 2023-இல் மூன்று வெற்றி, ஒன்பது தோல்வி. அப்போது பயிற்சியாளராக வந்த கர்ட் சிக்னெட்டி, 'நான் ஜெயிப்பவன், கூகுளில் தேடிப் பாருங்கள்' என்று சொன்னபோது நானும் அம்மாவும் சிரித்தோம். அவர் ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழகத்திலிருந்து தன் பழைய பையன்களை, வேறு கல்லூரிக்கு மாற விரும்பும் ஆட்டக்காரர்கள் பெயர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வழியாகக் கூடவே அழைத்து வந்தார். 2025 பருவத்தில் 16 ஆட்டங்கள், 16 வெற்றிகள்; 2026 ஜனவரி 19 அன்று மயாமி அணியை அதன் சொந்த ஊரிலேயே 27-21 என்று வீழ்த்திக் கோப்பை.

அந்த ஆட்டத்தின் நான்காம் பகுதியில் வந்த ஒரு கணத்தை மட்டும் நீ பார்த்திருந்தால் 'விலைக்கு வாங்கியது' என்று சொல்லியிருக்க மாட்டாய். நான்காவது, அதாவது கடைசி முயற்சி; இன்னும் நான்கு யார்டு முன்னேற வேண்டும். பந்தைக் கம்பங்களுக்கு இடையே உதைத்து ஃபீல்டு கோல் அடித்து மூன்று புள்ளியோடு திருப்தி அடைவார்கள் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தோம். டைம் அவுட் எடுத்தார்கள். திரும்பி வந்ததும், ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் ஃபெர்னாண்டோ மெண்டோசா, அவ்வளவு வேகமாக ஓடக்கூடியவர் என்று யாரும் சொல்லாதவர், பந்தைத் தானே இறுக்கிக்கொண்டு நடுவில் புகுந்து, மோதியவர்களைச் சமாளித்துச் சுழன்று, கடைசி அடியில் உடம்பு முழுவதையும் காற்றில் நீட்டிக் கோட்டுக்கு அப்பால் விழுந்தார். 12 யார்டு. பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டி என்ன ஆயிற்று என்று கேட்கும் அளவுக்கு அம்மா கத்தினாள்.

அந்தப் பையன் மயாமிக்காரர்தான். பள்ளி முடித்தபோது பெரிய அணிகள் எதுவும் அவரைச் சீந்தவில்லை; முதலில் யேல் பல்கலைக்கழகத்துக்குப் போவதாக இருந்து, பிறகு கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் சேர்ந்து, அங்கே பட்டமும் வாங்கிக்கொண்டு, போர்ட்டல் வழியாக இந்தியானாவுக்கு வந்து, ஆண்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் கோப்பையையும் வென்றார். பணம் மட்டுமே கோப்பை வாங்கித் தருமானால் அது ஒகையோவுக்கோ டெக்சஸுக்கோ போயிருக்க வேண்டும். பழைய முறையில் பெரிய அணிகள் நல்ல பையன்களை வளைத்துப் பெஞ்சில் உட்கார வைத்திருந்தன, அவர்களும் வேறு வழியின்றி உட்கார்ந்திருந்தார்கள். கதவு திறந்ததால்தான் நம்மைப் போன்ற ஊர்களுக்கும் ஒரு வாய்ப்பு வந்தது என்று நான் நினைக்கிறேன்.

விசுவாசம் இல்லை என்றாய். உன் ஊர் வாஷிங்டன் அணியின் டெமண்ட் வில்லியம்ஸ், 2026 ஜனவரியில் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட சில நாட்களுக்குள்ளேயே போர்ட்டலுக்குப் போகிறேன் என்று அறிவித்ததையும், பல்கலைக்கழகம் வழக்கு என்று முறுக்கியதும் இரண்டே நாளில் திரும்பி வந்ததையும் சொல்லிக் கொதித்தாய். கையெழுத்துப் போட்டால் நிற்க வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அதற்கு ஐந்து வாரம் முன்பு, மிசிசிப்பி பல்கலைக்கழகத்தின் ஓல் மிஸ் அணி 11 வெற்றிகளோடு கோப்பைக்கான பிளேஆஃப் சுற்றுக்குத் தயாராகிக்கொண்டிருந்த வேளையில், அதன் பயிற்சியாளர் லேன் கிஃபின், ஏழாண்டுக்குச் சுமார் 91 மில்லியன் டாலர் தந்த லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகமான எல்.எஸ்.யு.வுக்குக் கிளம்பிப் போனாரே, அப்போது நீ ஒன்றும் சொல்லவில்லையே? அந்த எல்.எஸ்.யு. தன் முந்தைய பயிற்சியாளரைப் பாதியில் அனுப்பியபோது ஒப்பந்தப்படி அவருக்குத் தர வேண்டியிருந்த தொகை ஏறத்தாழ 54 மில்லியன் டாலர். தொழில்முறை விளையாட்டிலும் இதே கதைதான்: 2025 பிப்ரவரியில் டாலஸ் கூடைப்பந்து அணி, தன் ஊரே கொண்டாடிய லூகா டான்சிச்சை அவருக்கே சொல்லாமல் நள்ளிரவில் லேக்கர்ஸுக்கு மாற்றி அனுப்பியதை 'வணிகம்' என்றார்கள். பெரியவர்கள் செய்தால் வணிகம், இருபது வயதுப் பையன் செய்தால் துரோகம் என்றால் எப்படி அம்மா? இதற்குத் தீர்வு, தொழிற்சங்கம் அமைத்து, பேசி முடித்த ஒப்பந்தம் போட்டு, இரு தரப்பையும் அதற்குள் கட்டுவதுதான். அமெரிக்கத் தொழில்முறை லீகுகள் எல்லாம் அப்படித்தான் நடக்கின்றன. மாணவர்களை ஊழியர்கள் என்று ஒப்புக்கொள்ளப் பல்கலைக்கழகங்களுக்கு மனமில்லை; அதனால்தான் ஆண்டுதோறும் இந்தக் கூத்து.

உண்மையிலேயே கோபப்பட வேண்டிய இடம் வேறு. நீ வாழும் கடற்கரையையே எடுத்துக்கொள். 1915-இல் தோன்றிய மேற்குக் கரைக் கான்ஃபரன்ஸை, ஒளிபரப்புப் பணத்துக்காக 2022-க்கும் 2024-க்கும் இடையில் பிய்த்து எறிந்தார்கள். பன்னிரண்டில் பத்து அணிகள் போய்விட, ஒரிகன் ஸ்டேட்டும் வாஷிங்டன் ஸ்டேட்டும் மட்டும் தனித்து நின்றன. பசிபிக் கரையில் இருக்கும் ஸ்டான்ஃபர்ட் இன்று அட்லாண்டிக் கரைக் கான்ஃபரன்ஸில் ஆடுகிறது. ஃபுட்பால் அணிக்குப் பயணம் பெரிதல்ல. தனி விமானம் உண்டு, வாரத்துக்கு ஓர் ஆட்டம்தான். சியாட்டிலின் கைப்பந்துப் பெண்கள் நியூ ஜெர்சி வரை பறந்து ஆடிவிட்டுத் திரும்பி வந்து வகுப்பில் உட்கார வேண்டியிருப்பதுதான் கொடுமை. அவர்கள் யாரும் அந்தப் பணத்தைக் கேட்கவும் இல்லை, பார்க்கப் போவதும் இல்லை.

ஹவுஸ் சமரசத்தின் சுமையும் அவர்கள் தலையில்தான் இறங்குகிறது. பங்கிடும் தொகையில் சுமார் முக்கால்வாசி ஃபுட்பாலுக்கும், மிஞ்சியதில் பெரும்பகுதி ஆண்கள் கூடைப்பந்துக்கும் போவதாகத்தான் பெரிய பல்கலைக்கழகங்களின் கணக்கு இருக்கிறது. அணியில் இத்தனை பேர்தான் இருக்கலாம் என்ற வரம்பு வந்ததால், உதவித்தொகை எதுவும் இல்லாமல் ஆட்டத்தின் மேல் கொண்ட ஆசையால் மட்டும் சேரும் வாக்-ஆன் பிள்ளைகளின் இடம் பறிபோகிறது. உன் விடுதி அறைத்தோழி விடியற்காலை ஐந்து மணிக்கு ஈரத் தலையோடு நீச்சல் பயிற்சியிலிருந்து வருவாள் என்று சொல்வாயே, அவளைப் போன்றவர்கள்தான் இனி இருக்க மாட்டார்கள். இந்தியானாவின் பெருமை ஃபுட்பாலால் வந்ததா என்ன? ஒலிம்பிக் வீரர் மார்க் ஸ்பிட்ஸ் நீந்திய குளம் அது. 1968 முதல் 1973 வரை தொடர்ந்து ஆறு ஆண்டுகள் தேசியப் பட்டம் வென்ற நீச்சல் அணி. சாக்கரில், அதாவது நம் ஊர்க் கால்பந்தில், எட்டுத் தேசியப் பட்டங்கள். அமெரிக்கா ஒலிம்பிக்கில் குவிக்கும் பதக்கங்களுக்கு இந்த வரும்படி இல்லாத கல்லூரி அணிகள்தாம் நாற்றங்கால். அரசாங்கம் தனியாக ஒன்றும் செலவழிப்பதில்லை. 2025 அக்டோபரில் சிக்னெட்டிக்கு எட்டு ஆண்டுகளுக்குச் சுமார் 93 மில்லியன் டாலர் ஒப்பந்தம் தந்தார்கள். அதே ஆண்டில் மாநிலச் சட்டம் ஒன்றின் காரணமாக இந்தியானாவின் அரசுப் பல்கலைக்கழகங்களில் நானூறுக்கும் மேற்பட்ட பட்டப் படிப்புகளை மூடவோ நிறுத்தவோ மற்றொன்றோடு இணைக்கவோ முடிவெடுத்தார்கள். இரண்டும் வேறு வேறு கணக்கு என்று அதிகாரிகள் சொல்வார்கள், அது உண்மையும்கூட. ஆனாலும் இரண்டு செய்தியையும் ஒரே நாளிதழில் படிக்கிறவனுக்கு வயிறு எரியத்தான் செய்கிறது.

சூதாட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2018-இல் உச்ச நீதிமன்றம் விளையாட்டுப் பந்தயத்தின் மீதான தடையை நீக்கிய பிறகு, 2019 முதல் எங்கள் இந்தியானா மாநிலத்தில் சோபாவில் படுத்துக்கொண்டே போனில் பந்தயம் கட்டலாம். உன் மாநிலத்தில் பழங்குடியினரின் கேசினோக்களோடு அதை நிறுத்தியிருப்பது எவ்வளவோ மேல். யார் ஜெயிப்பார் என்பதோடு நிற்காமல், இன்ன ஆட்டக்காரர் இத்தனை புள்ளிக்குக் கீழே எடுப்பார் என்றெல்லாம் பந்தயம் கட்ட விட்டதன் விளைவுதான் தொழில்முறைக் கூடைப்பந்து ஆட்டக்காரர் ஜான்டே போர்ட்டரின் விவகாரம். உடம்பு சரியில்லை என்று ஆட்டத்தின் பாதியில் வெளியேறிப் பந்தயக்காரர்களுக்கு உதவிய அவரை 2024-இல் தொழில்முறைக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ. ஆயுளுக்கும் விலக்கியது. சம்பளம் வாங்கும் ஆட்டக்காரரே விழுந்தார் என்றால், விடுதியில் தங்கிப் படிக்கும் பையனை வளைப்பது எவ்வளவு சுலபம் என்று யோசித்துப் பார். மாணவர்களுக்கு நேர்மையாகப் பணம் கிடைக்க வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

பெண்கள் ஆட்டத்தையாவது விட்டுவிடாதே. 2024-இல் தென் கரோலினாவும் அயோவாவும் மோதிய கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்து இறுதிப் போட்டியை ஆண்கள் இறுதிப் போட்டியைவிட அதிகம் பேர் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். ஆனால் அன்று ஆடிய கெய்ட்லின் கிளார்க் இண்டியானாபொலிஸுக்கு வந்து தொழில்முறை ஆட்டக்காரர் ஆனபோது அவருடைய முதலாண்டுச் சம்பளம் 76,535 டாலர். கல்லூரியில் இருந்தபோதே விளம்பரங்களில் அதைப் போலப் பல மடங்கு அவர் சம்பாதித்துவிட்டார். மாணவர்கள் பணம் வாங்குவதே பாவம் என்றால், அவர் எங்கே போய் அதைச் சம்பாதித்திருப்பார்?

உன் ஊர் வாஷிங்டன் பல்கலைக்கழகம் 2025 டிசம்பரில் ஆண்கள் சாக்கர் கோப்பையை முதன்முறையாக வென்றது. நீ போகவே இல்லை என்று மாப்பிள்ளை சொன்னார். இப்போது நாம் இரு வீட்டாரும் ஒரே கான்ஃபரன்ஸ், பிக் டென். வருகிற பருவத்தில் இந்தியானா சாக்கர் அணி அங்கே வருகிறதா என்று அட்டவணை வெளியானதும் பார்த்துச் சொல்கிறேன். வந்தால் நானும் அம்மாவும் கிளம்பி வருகிறோம், நான்கு டிக்கெட் எடுத்து வை. மாப்பிள்ளை ஊதாச் சட்டை போட்டுக்கொள்ளட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. நீ சிவப்பில்தான் வர வேண்டும்.

அன்புடன்,
அப்பா