ஸ்டேட்டிஸ் செடிக்குத் தண்ணீரைக் குறையுங்கள், குளிரைக் காட்டுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சில வாரங்களுக்கு முன் உங்கள் வீட்டுத்தோட்டப் பகுதியில் ஸ்டேட்டிஸ் பூவைப் பற்றி நாலு வரி வந்திருந்தது. எந்த மாதமும் விதைக்கலாம், தினமும் இரண்டு வேளை தண்ணீர் விடவும் என்று போட்டிருந்தீர்கள். படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. இந்த இரண்டையும் அப்படியே செய்துதான் நான் இரண்டு வருஷம் செடிகளைப் பறிகொடுத்தேன்.

பெயர் தெரியாதவர்கள்கூட பூவைப் பார்த்திருப்பார்கள். கல்யாண மண்டபத்து மேடையிலும் பொக்கேயிலும் ரோஜாவுக்கு இடையில் செருகியிருப்பார்களே, கத்தரிப்பூ நிறத்தில், தொட்டால் காகிதம் மாதிரி சரசரக்குமே, அதுதான். மஞ்சள், வெள்ளை, ரோஸ் நிறங்களிலும் வரும். நம் ஊர் வாடாமல்லியைப் போலக் காய்ந்தாலும் நிறம் நிற்கிற பூ என்பதால் இரண்டும் ஒரே வகை என்று நினைத்திருந்தேன். ஆனால் இது சித்திரமூலம் என்ற மூலிகை இருக்கிற குடும்பத்தைச் சேர்ந்தது. நமக்கு நிறமாகத் தெரிவது புல்லி வட்டம், அதாவது இதழ்களுக்கு வெளியே இருக்கும் உறை. அதற்குள் பொடிப்பொடியாக வெள்ளையாகத் தெரிவதுதான் உண்மையான பூ, அது சீக்கிரம் உதிர்ந்துவிடும், புல்லி மட்டும் மாதக்கணக்கில் அப்படியே இருக்கும்.

முதல் வருஷம் மே மாதம் ஏற்காட்டில் ஒரு நர்சரியில் பூத்த செடியாகவே நாலு தொட்டி வாங்கி, இருபது கொண்டை ஊசி வளைவும் மடியில் வைத்து இறக்கிக் கன்னங்குறிச்சி மொட்டை மாடியில் வைத்தேன். அக்னி நட்சத்திர வெயில், வாடுகிறதே என்று காலையும் மாலையும் தண்ணீர், பதினைந்து நாளில் நடுக்குருத்து அழுகி நாலும் போய்விட்டது. அடுத்த வருஷம் விதை வாங்கித் தை கடைசியில் போட்டேன், கடலைப் புண்ணாக்கு ஊறவைத்து ஊற்றினேன். முள்ளங்கிக் கீரை மாதிரி இலை தரையோடு படர்ந்து கொழித்ததே தவிர ஒரு பூத்தண்டுகூட எழும்பவில்லை. சித்திரை வெயிலில் அதுவும் முடிந்தது.

அப்புறம்தான் விஷயம் புரிந்தது. இந்தச் செடி மத்தியதரைக் கடலோரத்துச் செடி. அங்கே மழையும் குளிரும் ஒரே பருவத்தில் வரும், கோடை வறண்டு கிடக்கும். இளஞ்செடியாக இருக்கும்போது சில வாரங்கள் நல்ல குளிர், ஏறக்குறைய பத்து முதல் பதிமூன்று டிகிரி, பட்டால்தான் பூத்தண்டு சரியாக எழும்பும். சேலத்தில் அந்தக் குளிருக்கு எங்கே போவது? ஆனால் தலைக்கு மேலேயே சேர்வராயன் மலை இருக்கிறதே. ஏற்காட்டில் என் அக்கா வீடு இருக்கிறது. கார்த்திகை, மார்கழி இரவில் அங்கே ஸ்வெட்டர் இல்லாமல் வாசலில் நிற்க முடியாது.

அதனால் மூன்றாவது வருஷம் புரட்டாசி கடைசியில் அக்கா வீட்டிலேயே விதைத்தோம். விதை மேல் மெல்லிசாக மணல் தூவினால் போதும், இரண்டு வாரத்தில் முளைத்துவிடும். ஆணிவேர் ஆழமாகப் போகிற செடி என்பதால் நாலைந்து இலை வந்ததுமே உயரமான நர்சரி கவருக்குத் தனித்தனியாக மாற்றிவிட வேண்டும், பெரிதான பிறகு பிடுங்கி நட்டால் பிழைப்பது கஷ்டம். ஐப்பசி மழையும் பனிமூட்டமும் மலையில் பெரிய பிரச்சினை, இலையில் சாம்பல் பூசணம் வரும். அக்கா கவர்களையெல்லாம் சன்ஷேடுக்குக் கீழே வெளிச்சம் விழுகிற இடத்தில் வைத்திருந்தார். பொங்கலுக்குப் போனபோது பாதியை நான் கீழே கொண்டுவந்தேன், பாதி அங்கேயே தரையில் ஓர் அடி இடைவெளி விட்டு நட்டோம்.

சேலத்தில் மாசிக் கடைசியில் பூத்தது. தண்டின் இரு பக்கமும் சிறகு ஒட்டியது போல இருக்கும், அதன் நுனியில் ஊதாக் கொத்து. அன்று காலை நான் பட்ட சந்தோஷத்தை எழுதத் தெரியவில்லை. ஏற்காட்டுச் செடிகள் இன்னும் அதிக நாள் பூத்தன, கோடை மழை பிடிக்கும் வரைக்கும்.

தண்ணீர் விஷயத்தைத்தான் அழுத்திச் சொல்ல வேண்டும். விரலை மண்ணில் விட்டுப் பாருங்கள், இரண்டு அங்குலம் காய்ந்திருந்தால் மட்டும் காலையில் வேர்ப்பக்கம் ஊற்றுங்கள், குருத்தில் ஊற்றாதீர்கள். எனக்கு மூன்று நாளைக்கு ஒரு முறை போதுமாக இருந்தது. செம்மண்ணில் மூன்றில் ஒரு பங்காவது மணல் கலந்து, தொட்டி ஓட்டை அடையாமல் பார்த்துக்கொண்டால் சரி. உரம் கொஞ்சம் மண்புழு உரம் போதும். வெயில் நாள் முழுக்க வேண்டும். எங்கள் போர் தண்ணீர் வாளியில் வெள்ளையாகப் படிகிற அளவு உப்பு, ரோஜா அதில் கருகிவிடும், இந்தச் செடியோ இலை வழியாகவே உப்பை வெளியே தள்ளிவிடும். நம் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான பூ வேறென்ன இருக்கிறது?

கொத்தில் முக்கால்வாசி விரிந்த பிறகு, பனி காய்ந்ததும் வெட்டுங்கள். முன்னாலேயே வெட்டினால் தலை தொங்கிவிடும். ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டுங்கள், தண்டு காயக் காய இளைக்கும், நூல் என்றால் நழுவிவிடும். காற்றோட்டமுள்ள இருட்டு அறையில் தலைகீழாக இரண்டு மூன்று வாரம் தொங்கட்டும். வெயிலில் காயவைத்தால் நிறம் வெளுக்கும்.

மலையில் சொந்தம் இல்லாதவர்கள் ஐப்பசியில் விதைத்து, மார்கழிப் பனி முழுவதும் செடிமேல் படுகிறபடி மாடியில் வைக்கலாம். பக்கத்து வீட்டு அம்மா போன வருஷம் அப்படித்தான் செய்தார், ஒரு செடிக்கு இரண்டு மூன்று தண்டு வந்தது.

ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். பூச்செடிக் குறிப்பு போடும்போது மலைக்கு எந்த மாதம், சமவெளிக்கு எந்த மாதம் என்று பிரித்துப் போடுங்கள். உங்கள் பத்திரிகை ஏற்காட்டிலும் விற்கிறது, அம்மாபேட்டையிலும் விற்கிறது, இரண்டுக்கும் நடுவே ஓராயிரம் மீட்டர் உயரம் இருக்கிறது. இப்போது ஆவணி நடக்கிறது, இந்தக் கடிதம் புரட்டாசிக்குள் வந்தால் இந்த வருஷ விதைப்புக்கே உதவும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கன்னங்குறிச்சி, சேலம்