மூன்று சொல்லுக்கும் ஒரே பொருளா?

ஐயா,

பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகளின் கைடில் பிட்டி, சிம்பதி, எம்பதி என்ற ஆங்கிலச் சொற்கள் மூன்றுக்கும் 'இரக்கம்' என்றே போட்டிருக்கிறது. பிட்டி என்பது பரிதாபம், கொஞ்சம் மேலே நின்று பார்ப்பது. சிம்பதி அனுதாபம். எம்பதி வேறு. ஜெர்மன் சொல் ஒன்றைத் தழுவி உளவியலாளர் டிட்செனர் 1909-ல் ஆங்கிலத்தில் எழுதிய சொல். அடுத்தவர் மனதுக்குள் புகுந்து உணர்வது.

போன மாதம் வேலூர் ஆற்காடு ரோட்டில், லாட்ஜ் வாசலில் ஒரு வங்காளப் பெண் அழுதுகொண்டிருந்தார். 'ஐயோ பாவம்' என்று எல்லோரும் கடந்தோம். பூக்காரம்மா மட்டும் கூடையை இறக்கிவைத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, 'சாப்ட்டியா கண்ணு?' என்று சைகையோடு கேட்டார். இதற்குப் பரிவு என்ற நல்ல சொல் நம்மிடம் இருக்கிறதே! அடுத்த பதிப்பிலாவது கைடைத் திருத்துங்கள்.

– ஒரு வாசகர், காட்பாடி