துளியின் வால்

அன்புள்ள செல்வம்,

திரவத்தின் மேற்பரப்பு தன்னைச் சுருக்கிக்கொள்ளப் பார்க்கும் விசை, அதாவது பரப்பு இழுவிசை, அந்தப் பாடம் நடத்தும்போதெல்லாம் என் ஞாபகம் வருகிறது என்று எழுதியிருந்தாய். இந்த நாலு மாதமாக நானும் அந்தப் பாடத்துக்குள்தான் கிடந்தேன். பதில் தாமதமானதற்கு அதுதான் காரணம்.

நாங்கள் சோதித்துக்கொண்டிருந்த இன்க்ஜெட் பிரின்டரில் ஒரு தொல்லை. எழுத்துகளின் ஒரு ஓரத்தில், மையைத் துளியாகத் தெளிக்கும் பிரின்டர் தலை நகரும் பக்கத்தில் மட்டும், மெல்லிய நிழல் விழுந்தது. காகிதத்தை மாற்றினோம், மையை மாற்றினோம், நிழல் போகவில்லை. அப்புறம்தான் துளி புறப்படும் இடத்தைப் பார்ப்போம் என்று கணநேரம் மின்னி மறையும் ஸ்ட்ரோப் விளக்கு வைத்துப் படம் எடுத்தோம்.

நீ அதைப் பார்த்திருக்க வேண்டும். 10 பிக்கோலிட்டர் துளி என்றால் விட்டம் சுமார் 27 மைக்ரான், தலைமுடியைவிட மெல்லியது. அது உருண்டையாக வெளியே வருவதில்லை. முன்னால் ஒரு தலை, பின்னால் மை வெளியேறும் துளையான நாசில் வரை இழுபடும் நீண்ட வால். வால் அறுந்ததும் பாதி தலைக்குள் போய்ச் சேர்கிறது, மீதி குட்டித் துளிகளாக உடைகிறது. குழாயை லேசாகத் திறந்தால் தண்ணீர்க் கம்பி துளித்துளியாகப் பிரியுமே, அதே கதைதான். தன் சுற்றளவைவிட நீளமான நெளிவு விழுந்தால் திரவக் கம்பி நிலைக்காது என்று பிளாட்டோவும் ராலேயும் 19ஆம் நூற்றாண்டிலேயே காட்டிவிட்டார்கள். இங்கே அது சில பத்து மைக்ரோ நொடிகளில் நடந்து முடிகிறது.

அந்தக் குட்டித் துளிதான் நிழல். நீயே கணக்குப் போட்டுப் பார். காகிதம் 1 மில்லிமீட்டர் கீழே, பெரிய துளியின் வேகம் நொடிக்கு 6 மீட்டர், குட்டித் துளியின் வேகம் அதில் பாதி, பிரின்டர் தலை நொடிக்கு 1 மீட்டர் நகர்கிறது என்று வைத்துக்கொள். இரண்டும் விழும் இடங்களுக்கு நடுவே ஒரு மில்லிமீட்டரில் ஆறில் ஒரு பங்கு இடைவெளி. கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

சரி, வாலைக் கணினியில் வரைந்து பார்க்கலாம் என்று சிமுலேஷனில் இறங்கினோம். பாகுநிலை, அடர்த்தி, பரப்பு இழுவிசை, நாசிலின் வடிவம், மின்சாரம் பட்டதும் வளைந்து மையைத் தள்ளும் பீசோவுக்குக் கொடுக்கும் மின்துடிப்பு எல்லாவற்றையும் உள்ளே கொடுத்தோம். முதல் விடை தப்பு. கணினியின் வால் படத்தில் இருந்ததைவிட நீளமாக வந்தது. எந்த எண்ணை மாற்றினால் சரிவரும் என்று ஒன்றொன்றாகத் தட்டிப் பார்க்காமல், எந்த எண் பொய் சொல்கிறது என்று தேடினோம். அந்த வாரத்தை என்னால் மறக்க முடியாது.

பொய் சொன்னது பரப்பு இழுவிசை. மையில் அதைக் குறைக்கும் பொருள் கலந்திருக்கிறது. நாங்கள் அளந்தது, அமைதியாக நிற்கும் மையில், அந்தப் பொருள் மேற்பரப்புக்கு வந்து சேர்ந்த பிறகு உள்ள மதிப்பு. வாலோ அந்தக் கணத்தில் பிறந்த புதுப் பரப்பு. அங்கே வந்து சேர மூலக்கூறுகளுக்கு மில்லி நொடிகள் வேண்டும், அதற்குள் துளியே பிறந்து முடிந்துவிடுகிறது. ஆகவே வாலில் இருக்கும் இழுவிசை நாங்கள் நினைத்ததைவிட அதிகம், தண்ணீரின் மதிப்புக்கு நெருக்கம். அந்த எண்ணை மாற்றியதும் கணினியின் வால் படத்தின் மேல் அப்படியே பொருந்தியது. மாடல் முதலிலேயே சரியாக வந்திருந்தால் இந்த மையை நாங்கள் ஒருநாளும் புரிந்துகொண்டிருக்க மாட்டோம்.

மீதி வேலை சுலபமாக முடிந்தது. கம்பியின் நீளவாக்கில் மட்டும் மாற்றத்தைக் கணக்கிடும் எளிய மாடல் நிமிடங்களில் ஓடும். அதில் நூற்றுக்கணக்கான துடிப்புகளை ஓட்டி, தேறிய மூன்றை மட்டும் பிரின்டரில் போட்டோம். ஒன்றில் துடிப்பின் இறக்கம் சற்றுச் சாய்வாக இருந்தது. அதில் வாலின் கடைசிப் பகுதி வேகம் பிடித்து, காகிதத்தைத் தொடும் முன்பே தலையோடு சேர்ந்துவிட்டது. நிழல் போய்விட்டது.

இப்போது வேறு சிக்கல். நாசில் சிறிது நேரம் சும்மா இருந்தால் அதன் வாயில் தண்ணீர் ஆவியாகி மை கெட்டியாகிறது, முதல் துளி கோணலாகப் போகிறது. வாயிலிருந்து உள்ளே எவ்வளவு ஆழத்துக்கு எத்தனை நொடியில் கெட்டியாகும்? ஒரு பொருள் இன்னொன்றுக்குள் மெல்லப் பரவுவதைச் சொல்லும், உனக்குப் பிடித்த விரவல் சமன்பாடுதான். ஒரு சாயங்காலம் உட்கார்ந்து கையால் போட்டு அனுப்புகிறாயா? கணினியிடம் கேட்கும் முன் உன் விடையை வைத்துக்கொள்ள ஆசை.

அன்புடன்,
மாணிக்கம்