கார் கூரை டென்ட்: வாங்குவதற்கு முன் எங்கே விரிப்பீர்கள் என்று யோசியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

காரின் கூரை மேல் பொருத்தும் டென்ட் வாங்கலாமா என்று இந்த இரண்டு மாதத்தில் நான்கு பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். சிக்னலில் நிற்கும்போது கண்ணாடியை இறக்கச் சொல்லிக் கேட்டவர்களும் உண்டு. யூடியூபில் மலை உச்சியில் விரித்து வைத்து, விடிந்ததும் ஜிப்பைத் திறந்தால் மேகம் மிதப்பது போலக் காட்டுகிறார்கள், பார்க்கிற யாருக்கும் ஆசை வரும், எனக்கும் அப்படித்தான் வந்தது. இரண்டரை வருடம் வைத்திருந்து பழகிவிட்டதால் எல்லோருக்கும் சேர்த்து ஒரே பதிலாக எழுதிவிடலாம் என்று உங்கள் பத்திரிகைக்கு எழுதுகிறேன். கடிதம் கொஞ்சம் நீளம்தான். சுருக்கி வெளியிட்டாலும் எடை பற்றிய பகுதியையும் இடம் பற்றிய பகுதியையும் மட்டும் தயவுசெய்து வெட்டிவிடாதீர்கள்.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். டென்டுக்கு ரூ.1,42,000, அதைத் தாங்கும் குறுக்குக் கம்பிகளுக்கும் பொருத்தும் கூலிக்கும் ரூ.18,000, ஆக ரூ.1,60,000. இதுவரை அதில் படுத்த இரவுகள் 19. வகுத்துப் பார்த்தால் ஓர் இரவுக்கு ரூ.8,400 வருகிறது. நான் சோம்பேறித்தனமாக வீட்டில் உட்கார்ந்திருந்ததால் இந்த எண்ணிக்கை குறையவில்லை. லீவு கிடைத்தபோதெல்லாம் கிளம்பினேன். ஆனால் பாதி பயணங்களில் டென்டை விரிக்க இடமே கிடைக்கவில்லை, கூரையில் அது மடித்தபடியே இருக்க, நாங்கள் லாட்ஜில் அறை எடுத்துத் தங்கினோம்.

பொருளைக் குறை சொல்ல மாட்டேன். நல்ல பொருள். ஆனைமலைக்குப் பக்கத்தில் நண்பரின் தென்னந்தோப்பில் ஒரு ஜூன் மாத இரவு, பத்து மணிக்கு ஆரம்பித்த மழை விடியும் வரை விடவில்லை, தோப்பில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. தரையில் டென்ட் போட்டிருந்தால் அன்று பாயைச் சுருட்டிக்கொண்டு மோட்டார் அறைக்கு ஓடியிருப்போம். மேலே எங்களுக்கு ஒரு சொட்டுகூட இறங்கவில்லை. துணிக்கு மேல் மழை விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே என் மகள் தூங்கிப்போனாள், அந்த இரவுக்காக நான் எவ்வளவு வேண்டுமானாலும் கொடுப்பேன். அப்புறம், மெத்தை உள்ளேயே இருக்கிறது, கல் முள் பொறுக்க வேண்டாம், காரைச் சமமான தரையில் நிறுத்திவிட்டால் போதும், ஐந்து பத்து நிமிடத்தில் படுக்கை தயார். பாம்பு பயமும் குறைவு. கட்டுவிரியன் இரவில் நடமாடுகிற பாம்பு, தரையில் படுத்திருப்பவர்களைத் தூக்கத்திலேயே கடித்துவிடும், பல நேரம் கடித்த வலிகூடத் தெரியாது என்பதால் தோட்டம் துரவில் படுப்பவர்கள் ஆறடி உயரத்தை லேசாக நினைக்கக்கூடாது. (ஜிப்பை முழுக்க மூடி வைத்தால் தரை டென்டிலும் பாம்பு நுழையாது, அதையும் சொல்லிவிட வேண்டும்.)

தினமும் ஊர் மாறுகிறவர்களுக்கு இது ரொம்பவே உதவும். ஹம்பி, பாதாமி, அங்கிருந்து கடற்கரை வழியாகக் கோகர்ணா, உடுப்பி என்று ஒன்பது நாள் சுற்றினோம். முன்கூட்டியே பேசி அனுமதி வாங்கிய தோட்டங்களிலும் தங்கும் விடுதிகளின் முற்றங்களிலும் ஆறு இரவு விரித்தோம். காலையில் மடித்தால் கிளம்பிவிடலாம், டிக்கி முழுவதும் சாமானுக்குக் காலியாக இருந்தது.

ஆனால் ஒரே இடத்தில் மூன்று நாள் தங்குகிறவர்களுக்கு இது இம்சை. பால் வாங்க ஊருக்குள் போக வேண்டுமென்றால் முழு டென்டையும் மடித்து, உறை போட்டு, பெல்ட் இழுத்துக் கட்டி, ஏணியைக் கழற்றிப் போக வேண்டும். தரை டென்ட் என்றால் அது பாட்டுக்கு நிற்கும், நீங்கள் காரை எடுத்துக்கொண்டு போகலாம். மழையில் நனைந்த டென்டை அப்படியே மடித்து வைத்தால் நம்மூர் ஈரப்பதத்தில் சில நாளில் பூஞ்சை பிடித்து நாற்றம் அடிக்க ஆரம்பித்துவிடும். வீடு திரும்பிய அன்றே விரித்துக் காயவைக்க வேண்டும். அடுக்குமாடியில் இருப்பவர்கள் அதை எங்கே விரிப்பார்கள்? எங்கள் குடியிருப்பில் வண்டி நிறுத்துமிடத்தில் விரித்ததற்கு ஒருமுறை அக்கம்பக்கத்தாரோடு மனத்தாங்கலே வந்துவிட்டது. கழற்றி வைக்கலாம் என்றால் ஏறக்குறைய அறுபது கிலோ, இரண்டு பேராக இறக்குவது சிரமம், மூன்று நான்கு ஆள் இருந்தால் நல்லது. அதனால் நிறையப் பேர் வருடம் முழுவதும் கூரையிலேயே விட்டுவிடுகிறார்கள். நானும் விட்டிருந்தேன், லிட்டருக்குப் பதின்மூன்றரை கொடுத்த வண்டி பதினொன்றரைக்கு இறங்கியது. மால்களின் அடித்தளப் பார்க்கிங்கில் 2.1 மீட்டர் என்று எழுதிக் கம்பி தொங்கவிட்டிருப்பார்களே, அதற்குள்ளும் நுழைய முடியாது.

இனி எடை. யாரும் வாய்திறந்து சொல்லாத விஷயம் இதுதான். ஒவ்வொரு காரின் கையேட்டிலும் கூரையில் எத்தனை கிலோ ஏற்றலாம் என்று போட்டிருக்கும். என் வண்டிக்கு 75 கிலோ. டென்ட் 58, கம்பிகள் 7, ஆக 65 போய்விட்டது, மிச்சம் பத்து கிலோதான். "இவ்வளவுதான் தாங்குமா, அப்படியென்றால் இரண்டு பேர் மேலே படுத்தால் கூரை அமுங்காதா?" என்று என் மச்சான் கேட்டார். அமுங்காது. கையேட்டில் உள்ளது ஓடும் வண்டிக்கான அளவு, பிரேக் போடும்போதும் வளைவில் திரும்பும்போதும் பள்ளத்தில் இறங்கும்போதும் அந்தச் சுமை கூரையை இழுக்கும் இழுப்பையும் சேர்த்துப் போட்ட அளவு. நிற்கும் வண்டியின் கூரை அதைவிடப் பல மடங்கு தாங்கும், அதனால் இரவில் படுப்பதில் பிரச்சினை இல்லை. பகலில் ஓட்டுவதில்தான் இருக்கிறது. சிறிய கார்கள் பலவற்றில் இந்த அளவு 75 இருக்காது, 50 அல்லது அதற்கும் கீழேதான், அந்தக் கார்களுக்கும் இந்த டென்டை மாட்டி அனுப்புகிறார்கள். எனக்கு விற்ற கடைக்காரர் கையேட்டைக் கேட்கக்கூட இல்லை, "ஒண்ணும் ஆகாது சார், எல்லா வண்டிக்கும் போட்டுக்கிட்டுத்தான் இருக்கோம்" என்றார். மேலே இன்னும் இரண்டு நாற்காலியும் தார்ப்பாயும் கட்டிக்கொள்ளலாம் என்று அவரே யோசனையும் சொன்னார்.

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. கொல்லிமலைக்கு 70. உயரமான வண்டியின் உச்சியில் இன்னொரு அறுபது கிலோ ஏறினால் அந்த வளைவுகளில் வண்டி சாயும் விதமே வேறாகிவிடுகிறது. ஒன்பதாவது வளைவில் எதிரே பஸ் வந்து நான் ஒடித்துத் திருப்பியபோது வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது இன்னும் என் உடம்பில் இருக்கிறது. பின் சீட்டில் அம்மா இருந்தார்கள். அதற்குப் பிறகு மலைப்பாதையில் பழைய வேகத்தில் பாதிக்கு மேல் போவதில்லை. வாங்குகிறவர்கள் கடையில் பணம் கட்டும் முன் தங்கள் கார் கையேட்டில் அந்த ஒரு பக்கத்தைத் தேடிப் படிக்க வேண்டும், அளவு மீறினால் எவ்வளவு ஆசையாக இருந்தாலும் விட்டுவிட வேண்டும். கேரியரும் டென்டும் நிரந்தரமாக வைத்தால் வண்டியின் அமைப்பை மாற்றியதாக ஆகுமா என்று கேட்டதற்கு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஆளுக்கொரு பதில் சொன்னார்கள், இதற்கு அரசு தெளிவாக ஓர் அறிவிப்பு கொடுத்தால் நல்லது.

ஏணியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அம்மாவுக்கு வயது 67, முட்டி வலி. ஒரே ஒருமுறை ஏறினார்கள், இறங்கும்போது நானும் மனைவியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நின்றோம். அதன் பிறகு "நீங்க மேல படுங்க, நான் வண்டிக்குள்ளேயே படுத்துக்கறேன்" என்றுவிட்டார்கள். குடும்பமாகப் போய்ப் பெரியவரைக் கீழே விட்டுவிட்டு நாம் மேலே படுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. இரவில் கழிப்பறைக்குப் போக இறங்க வேண்டியவர்களுக்கு அந்த ஏழு படி இருட்டில் எவ்வளவு சிரமம் என்பது படுத்தவர்களுக்குத்தான் தெரியும். அதைவிட, இறங்கினால் போவதற்குக் கழிப்பறை எங்கே இருக்கிறது? ஆண்கள் சமாளித்துவிடுவோம். என் மனைவியும் மகளும் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திக்கொண்டதை நான் இரண்டாவது பயணத்தில்தான் கவனித்தேன். வெட்கமாக இருந்தது.

அங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம் இருக்கிறது. இந்த டென்ட் பிரபலமாக இருக்கும் நாடுகளில் விரிக்க இடமும் இருக்கிறது. நமீபியாவின் எட்டோஷா தேசியப் பூங்காவில் கூரை டென்ட் வைத்த வாடகை வண்டிகள் சர்வசாதாரணம். அங்கே ஒகாகுவேயோ போன்ற முகாம்களுக்குச் சுற்றிலும் வேலி உண்டு, குளியலறையும் கழிப்பறையும் உண்டு, பொழுது சாய்வதற்குள் எல்லோரும் வேலிக்குள் வந்துவிட வேண்டும், பிறகு வாசல் மூடப்படும். நம்மூரில் டென்ட் மட்டும் வந்திருக்கிறது, அந்த வேலியும் கழிப்பறையும் வரவில்லை. அதனால் வாங்கியவர்கள் சாலையோரத்திலும் தேயிலைத் தோட்ட ஓரத்திலும் காட்டு எல்லையிலும் விரிக்கிறார்கள். அதைத்தான் வீடியோவிலும் காட்டுகிறார்கள்.

இது ஆபத்து, சட்டப்படி தப்பும்கூட. காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் தங்கக்கூடாது. இரவில் வண்டிகளில் மிருகங்கள் அடிபடக்கூடாது என்பதற்காகத்தான் பந்திப்பூர் வழியாகப் போகும் சாலை 2009-லிருந்து இரவு 9 மணிக்கு மூடப்படுகிறது, திம்பம் மலைப்பாதையிலும் 2022 பிப்ரவரி முதல் இரவு 9 மணிக்கு மேல் வெளியூர்க் கார்களை விடுவதில்லை. உயரத்தில் படுத்திருக்கிறோம் மிருகம் என்ன செய்யும் என்று ஒரு தம்பி என்னிடம் கேட்டார். தம்பி, என் காரின் கூரை ஆறடி. கொம்பன் யானையின் தோளே எட்டு ஒன்பது அடி வரும், தும்பிக்கையை நீட்டினால் இன்னும் மேலே. வால்பாறையில் அரிசிக்காக ரேஷன் கடைச் சுவரையே யானை இடித்துத் தள்ளுகிறது, டென்டுக்குள் வைத்த வாழைப்பழமும் பொரி உருண்டையும் அதற்கு வாசம் தெரியாதா? 2021 ஜனவரியில் வயநாட்டில் மேப்பாடி பக்கம் விடுதி ஒன்றின் டென்டில் தங்கிய இளம்பெண்ணை யானை கொன்றது. காட்டோரத்தில் அடுப்பு மூட்டுகிறவர்களிடம் நான் குரங்கணிக் காட்டுத்தீயைச் சொல்வேன். 2018 மார்ச்சில் அந்தத் தீயில் 23 பேர் போனார்கள். கோடையில் போடி மலையானாலும் சரி, மேகமலையானாலும் சரி, காய்ந்த புல் எப்படி எரியும் என்று அந்தப் பக்கத்து ஆட்களைக் கேளுங்கள்.

தடை போட்டால் போதும் என்று நான் சொல்லவில்லை. தடை ஏற்கெனவே இருக்கிறது, இடம்தான் இல்லை. வனத்துறை 2024 அக்டோபரில் 40 பாதைகளோடு மலையேற்றத் திட்டம் கொண்டுவந்தது. ஆன்லைனில் பதிவு, கட்டணம், கூடவே பழங்குடி இளைஞர்கள் வழிகாட்டியாக வருகிறார்கள், அதற்கு முன்பு திருட்டுத்தனமாக ஏறியவர்கள் இப்போது நேர்வழியில் ஏறுகிறார்கள். அதேபோல் வண்டியோடு வருகிறவர்களுக்கும் செய்யலாம். புதிதாகக் காட்டை வெட்ட வேண்டாம். சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஓட்டல் தமிழ்நாடு ஏற்காட்டிலும் ஊட்டியிலும் கொடைக்கானலிலும் ராமேஸ்வரத்திலும் ஒகேனக்கலிலும் இருக்கிறது. இடம் இருக்கும் வளாகங்களில் ஓர் ஓரமாக ஐந்து வண்டிக்கு மட்டும் இடம் ஒதுக்கி, இரவுக்கு ஐந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு, விளக்கும் தண்ணீரும் இரண்டு கழிப்பறையும் கொடுத்தால் போதும். நெருப்பு மூட்டக்கூடாது, பத்து மணிக்கு மேல் பாட்டு கூடாது, குப்பையை எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்று எழுதிப் போடட்டும். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் எடுக்கும்போதே இந்த இடத்தையும் பதிவு செய்யும்படி வைத்தால் எத்தனை வண்டி வருகிறது என்று மாவட்ட நிர்வாகத்துக்கும் தெரிந்துவிடும். தரை டென்ட் வைத்திருக்கும் கல்லூரிப் பிள்ளைகளுக்கும் அது பயன்படும், அவர்கள்தான் எண்ணிக்கையில் அதிகம்.

அதுவரை, என்னிடம் கேட்டவர்களுக்கு நான் சொல்வது: தினம் ஓர் ஊர் என்று வருடத்துக்கு முப்பது நாற்பது இரவு வெளியே தங்குகிறவர், ஏணி ஏறத் தெம்புள்ள இரண்டு பேர், கையேட்டில் எடைக்கு இடமுள்ள பெரிய வண்டி, டென்டைக் காயவைக்கச் சொந்த வாசல், இவ்வளவும் இருந்தால் வாங்குங்கள், வருத்தப்பட மாட்டீர்கள். இல்லையென்றால் ஆறேழாயிரம் ரூபாய்க்கு நல்ல தரை டென்டும் அடியில் விரிக்க ஒரு தடித்த தார்ப்பாயும் வாங்கிக்கொள்ளுங்கள். ஏழு பேர் உட்காரும் வண்டி என்றால் பின் சீட்டுகளை மடித்து மெத்தை போட்டு, ஜன்னலுக்குக் கொசுவலை மாட்டி உள்ளேயே படுக்கலாம், என் அம்மா அப்படித்தான் படுக்கிறார்கள், நிம்மதியாகத் தூங்கினேன் என்கிறார்கள். ஆசை அடங்கவில்லையென்றால் பெரிய ஊர்களில் வாடகைக்குக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள், ஒரு வாரக் கடைசி எடுத்துப் பாருங்கள், நான் அதைச் செய்யாமல் வாங்கிவிட்டேன்.

என் டென்டை நான் விற்கவில்லை. வண்டியிலிருந்து இறக்கி மாமனார் வீட்டு மாட்டுக்கொட்டகையில் உத்திரத்தில் கயிறு போட்டுத் தொங்கவிட்டிருக்கிறேன், ஜூன் மழைக்கு அந்தத் தென்னந்தோப்புக்குப் போகும்போது மட்டும் மாட்டிக்கொள்வதாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்,
கோவை.